நால்வர் நின்ற சுவரொட்டி

மும்பையின் தாராவித் தமிழர் வரலாறு என்றால், திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடப் போன எங்கள் பெரியவர்களோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். 1993-க்குப் பின் அங்கே நடந்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் மூண்ட இந்து-முஸ்லிம் கலவரத்தில் 900 பேர் இறந்ததாக, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவுசெய்தது. தாராவியும் எரிந்தது. ஒரே குழாயடியில் குடம் வைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் பாவ் கோர்டேயும் வகார் கானும். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம், இருவரும் தாராவிவாசிகள். மொஹல்லா கமிட்டி என்ற பேட்டை அமைதிக் குழு வழியாக அக்கம்பக்கத்தாரையும் காவல்துறையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். ஆயத்த ஆடைத் தொழில் செய்துவந்த வகார் கான், நான்கு சிறுவர்களுக்கு இந்து, முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவ உடை அணிவித்துப் படமெடுத்தார். ‘நாம் எல்லோரும் ஒன்று’ என்ற இந்தி வாசகத்தோடு அது சுவரொட்டியாகிக் காவல் நிலையங்கள் வரை போனது. பெரிய தலைவர் ஒருவரின் முகமும் அதில் இல்லை. அதுதான் அதன் பலம்.

மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி இதற்கும் முந்தி. 1984-இல் கலவரம் கண்ட அந்த ஊரில், காவல் அதிகாரி சுரேஷ் கோபடே 1988-இல் பேட்டைதோறும் இத்தகைய கமிட்டிகளை அமைத்தார். மும்பை பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதி காத்தது. காயம்பட்ட பிறகு கூடுவதைவிட அதற்கு முன்பே கூடுவது மேல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2003-இல் அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் இந்த இரு தாராவி நண்பர்களை ‘நாத்தா’ என்ற ஆவணப்படத்தில் பதிவுசெய்தார்கள். தாராவிச் சீரமைப்புத் திட்டத்தில் சந்துகள் மறையுமுன், கமிட்டியில் உட்கார்ந்த தமிழ்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் யாரேனும் பதிவுசெய்ய வேண்டும்.