கடைசியில் சாப்பிடுகிறவர்

சில வருடங்களுக்கு முன் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு ஒன்றின் தரவை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டில் எத்தனை பேர். வகுத்தால் ஆளுக்கு இத்தனை கலோரி. அன்றிரவு பத்து மணிக்கு ஊருக்குப் போன் செய்தேன். "சாப்டியாம்மா?" "குழம்பு தீந்துபோச்சுடா, மோர் ஊத்திக்கிட்டேன்." அந்த மோர்ச்சோறு என் அட்டவணையில் எங்கே வரும் என்று அப்போதுதான் யோசித்தேன். வராது.

இந்த வகுத்தலைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் லாரன்ஸ் ஹடாட். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டனில் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பிலிப்பைன்ஸின் புகிட்னான் மாகாணத்தில் 1977ல் ஒரு சர்க்கரை ஆலை வந்தது. மக்காச்சோளம் விதைத்தவர்களில் பலர் கரும்புக்கு மாறினார்கள். வருமானம் கூடினால் குழந்தைகளின் உடம்பு தேறுமா? 1984-85ல் நடந்த ஆய்வில், முந்தைய நாள் வீட்டில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று தாய்மாரிடம் விசாரித்தார்கள். ஹோவர்த் பூயிஸும் ஹடாட்டும் கண்டது இது: கரும்பு வருமானத்தைக் கூட்டியது; குழந்தைகளின் ஊட்டம் அந்த அளவுக்கு மேம்படவில்லை.

அதே தரவை வைத்து ரவி கன்பூருடன் ஹடாட் 1990ல் எழுதிய கட்டுரை என்னை உலுக்கியது. வீட்டுக்குள் இருக்கும் வித்தியாசத்தை விட்டுவிட்டால் ஏற்றத்தாழ்வு 30 சதவீதமோ அதற்கு மேலுமோ குறைவாகத் தெரிகிறது. அதேசமயம் எந்தப் பிரிவினர் அதிக ஏழைகள் என்ற ஒப்பீடு பெரிதாக மாறுவதில்லை. என் பாஷையில் சொன்னால், வரிசைப்படுத்தியது ஏறக்குறைய சரி, எண்ணியதுதான் தப்பு. விடுபட்டவர்கள் வேறெங்கோ இல்லை, எண்ணப்பட்ட வீடுகளுக்குள்ளேயே இருந்தார்கள்.

குடும்பத்துக்கு ஒரே மனசு என்று வைத்துக்கொள்வது அன்றைய பொருளாதாரத்தில் வழக்கம். அப்படியானால் பணம் யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான். ஜான் ஹாடினாட்டும் ஹடாட்டும் ஐவரி கோஸ்ட் தரவைக் கொண்டு 1995ல் இதைச் சோதித்தார்கள். வருமானத்தில் மனைவியின் பங்கு கூடியபோது உணவுக்கான செலவின் பங்கு கூடியது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போவது குறைந்தது. 2000ல் லிசா ஸ்மித்துடன் 63 நாடுகளை ஆராய்ந்தார். 1970 முதல் 1995 வரை குழந்தைகளின் ஊட்டக்குறைவு குறைந்ததில் 43 சதவீதத்துக்குக் காரணம் பெண்கல்வி என்று வந்தது. 2018ல் டேவிட் நபாரோவுடன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

என் அட்டவணையில் ஆளுக்கொரு வரி சேர்க்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. களத்தில் கேட்காத கேள்விக்குக் கணினியில் பதில் தயாரிக்க முடியாது. தட்டு தட்டாக விசாரிக்க நேரமாகும், பணமாகும். அதனால் வகுத்தல் தொடர்கிறது. நானும் வகுத்துத்தான் கொடுத்தேன்.

போன வருடம் அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. ரத்தம் பரிசோதித்த டாக்டர் ரத்தசோகை என்றார். அப்பாவால் நம்ப முடியவில்லை. "நம்ம வீட்ல சாப்பாட்டுக்கு என்னடா குறை?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. சராசரியைச் சொன்னார்.