நேர்த்திக்கடனும் நடத்தை ஒப்பந்தமும்

அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு மேல்மலையனூரில் கூடும் கூட்டத்தில், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொள்ளும் பெண்களும் இருப்பார்கள். அவர் திருந்தினால் பொங்கல் வைக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். நடத்தைச் சிகிச்சையிலும் ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் நேர்த்திக்கடனில் குடிக்கிறவர் வெளியே நிற்கிறார். கேட்பவள் மனைவி, கொடுப்பவள் அம்மன், கடனைச் செலுத்துபவளும் மனைவியே. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. மாற வேண்டியவரைத் தவிர எல்லோரும் பாடுபடுகிறார்கள்.

சிகிச்சையில் பலன் அவர் கைக்கே போகிறது, அதுவும் உடனே. 1961-இல் இல்லினாய் மாநிலத்தின் அன்னா அரசு மருத்துவமனையில் உளவியலாளர்கள் அயிலானும் அஸ்ரினும் தொடங்கிய டோக்கன் முறையில், மனநோயாளி தன்னைச் சுத்தமாக வைத்துக்கொண்டாலோ வேலை செய்தாலோ டோக்கன் கிடைத்தது. அதைக் கொடுத்து விரும்பியதை வாங்கலாம். உளவியலாளர் நான்சி பெட்ரி குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் குடிநோயாளிகள் 42 பேர். அவர்களில் ஒரு பிரிவினர், மூச்சில் மது இல்லையென்றால், கிண்ணத்திலிருந்து பரிசுச் சீட்டு எடுக்கலாம். எட்டு வாரச் சிகிச்சையில் கடைசிவரை நீடித்தவர்கள் இந்தப் பிரிவில் 84 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22.

குடிக்கிறவரே கோயிலில் சத்தியம் செய்வதும் உண்டு. அதற்கு ஊரே சாட்சி. டோக்கன் நின்றதும் பழக்கம் தளர்ந்துவிடுமோ என்ற கவலை அங்கே இல்லை, அம்மன் எங்கும் போவதில்லை. ஆனால் ஒருமுறை தவறினால் தெய்வக்குத்தம் என்று மனம் உடைந்துபோகும். பெட்ரியின் முறையில் தவறியவர் அடுத்த பரிசோதனையில் மீண்டும் சீட்டு எடுக்கத் தொடங்கலாம். இன்னொன்று: நாள்பட்டு அதிகம் குடித்தவர் சத்தியத்துக்காக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது உளவியலாளர் திமதி ஓஃபேரல் தம்பதிகளுக்கு வகுத்த தினசரி ஒப்பந்தம். ‘இன்று குடிக்கமாட்டேன்’ என்று கணவர் மனைவியிடம் சொல்கிறார். மனைவி நன்றி சொல்கிறாள். பழைய குடியைக் கிளறுவதில்லை. பிறகு நாட்காட்டியில் ஒரு குறி. மேல்மலையனூருக்கு வரும் குடும்பங்கள் மருத்துவரைப் பார்த்த பிறகு அடுத்த அமாவாசைவரை இதை வீட்டிலேயே நடத்தலாம். வேண்டுதலை விட வேண்டியதுமில்லை.