கூரைக்குப் போன பல்

விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் ராத்திரி தேவதை வந்து எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். இப்படிச் சொல்லும் படக்கதையை ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துப் பள்ளியில் பிரித்தால், பிள்ளைகளுக்கு ஒட்டாத வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கத் தோன்றும். வெளியூர்ச் சரக்குதான். ஆனால் அது நாம் நினைக்கிற அளவு பழையதும் அல்ல. நம் வழக்கம் நாம் நினைக்கிற அளவு தனித்ததும் அல்ல. பல் தேவதை அச்சில் இருந்ததற்குக் கிடைத்திருக்கும் முதல் சான்று, 1908-இல் சிகாகோ நாளிதழ் ஒன்றில் வந்த வீட்டுக் குறிப்பு. 1914-இல் இந்தத் தீவுக்குப் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது அந்தத் தேவதைக்கு அச்சில் ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. பால்பல் ஆடத் தொடங்குகிற வயது. தேவதைக்கு முன்பே ஐரோப்பாவில் எலி இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் எட்டு வயது அரசன் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குப் பல் விழுந்தபோது, எழுத்தாளர் லூயிஸ் கொலோமா, பெரெஸ் என்ற எலியின் கதையை எழுதிக் கொடுத்தார். பிரான்ஸில் இன்றும் சுண்டெலிதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அணிலிடம் பல் கேட்கிறார்கள். இந்தப் பக்கம் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்கள். எலிக்கும் அணிலுக்கும் முன்பல் சாகும்வரை வளரும். பல் கேட்கப் போனவர்கள் ஆள் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள்.

ஆக, தேவதை இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. அவள் காசு தருகிறாள். அணிலிடமும் கூரையிலும் பல்லுக்குப் பல்லே கேட்டார்கள். தமிழ் இன்னும் ஒரு படி போய், பல் ‘முளைக்கிறது’ என்கிறது. விதைக்கும் பல்லுக்கும் ஒரே வினை. மல்லிகை நாற்றை வெளியூர்களுக்கு அனுப்பிப் பேர்பெற்ற தங்கச்சிமடத்தில் இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூடநம்பிக்கையை வகுப்பறைக்குள் விடலாமா என்று கேட்பார்கள். பால்பல்லின் வேர் கரைந்து, கீழிருந்து நிலைப்பல் தள்ளுவதால்தான் பல் ஆடுகிறது. இதைச் சொல்லித்தர, கையில் விழுந்த பல்லைவிட நல்ல பாடக் கருவி ஏது? கூரைச் சடங்கு எதிர்பார்த்ததும் அந்த நிலைப்பல்லைத்தானே. ஓலைக்கூரை போய்க் கான்கிரீட் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. கீற்றுக்குள் எலியும் அணிலும் குடியிருந்த வரைக்கும், மேலே எறிந்த பல்லை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. மொட்டைமாடியில் விழுந்த பல் வெறுமனே கிடக்கும். வழக்கம் தளர்ந்ததற்கு வீட்டின் மாற்றமே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்; தேவதைமேல் பழி போடுவது வீண். வழக்கம் தளர்ந்ததாலேயே, அதைப் பற்றிப் பேசவைக்க அந்தத் தேவதைப் படக்கதை வேண்டும். கூரைக்கும் புத்தகத்தில் இடம் உண்டு: உலகத்துப் பல் வழக்கங்களைத் திரட்டி செல்பி பீலர் 1998-இல் எழுதிய படப்புத்தகத்துக்கு, பல்லைக் கூரைமேல் எறி என்றே தலைப்பு.

காசு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வீட்டில் பத்து ரூபாய், அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை என்றால் வகுப்பில் அது புண்ணாகும். அணில் யாருக்கும் கூடக்குறையக் கொடுத்ததில்லை. காசுப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் அவர்கள் பல் எங்கே போனது என்று கேட்டுவரச் சொல்லலாம். மறுநாள், கதையில் தலையணை வந்த இடத்துக்குப் பாட்டிகள் சொன்னதைப் பிள்ளைகள் வரையட்டும். ஓலை, ஓடு, தகரம் என்று ஊரின் பழைய கூரைகள் ஒவ்வொன்றாகத் தாளுக்கு வரும்.