கேமரன் மலைப் பாதைகள்: காலடிகள் எழுதிய வரலாறு

மலையையும் மலை சார்ந்த நிலத்தையும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, சேயோனை அதன் தெய்வமாகக் கொண்டு போற்றினர் பண்டைத் தமிழர். திருவண்ணாமலையை 14 கிலோமீட்டர் வலம் வருவதும், கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஏறிக் கடப்பதும், இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு இருளிலேயே நடையைத் தொடங்குவதும் தமிழரிடையே வழிவழியாக வந்தவை. மலையைத் தொலைவில் நின்று வணங்குவதோடு அமையாது, காலால் நடந்து அறிவதே அம்மரபு. அத்தகைய மரபினர் கடல் கடந்து வந்து குடியேறிய குளிர்மலை ஒன்று மலேசியத் திருநாட்டில் உண்டு. அதுவே பகாங் மாநிலத்தின் கேமரன் மலை.

முதல் தடம் பதித்தோர்

இம்மலைக்கு ஐரோப்பியர் ஒருவரின் பெயரே வழங்கி வருகிறது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர், பேராக் – பகாங் எல்லைப் பகுதியை வரைபடமாக்க வந்தபோது, மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டு அறிவித்தார். ஆயினும் அவர் கண்டது மனிதர் காணாத நிலம் அன்று. செமாய் இனத்தவர் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே இக்காடுகளைத் தம் இல்லமாகக் கொண்டிருந்தனர். ஊதுகுழல் ஏந்தி வேட்டைக்கும், பிரம்பு முதலிய காட்டுப் பொருள்களைத் திரட்டுவதற்கும் அவர்கள் நடந்த தடங்களே இம்மலையின் முதற்பாதைகள்.

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று பகரும். ‘கோலா’ என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் கூடுமுகத்தைக் குறிக்கும். தெர்லா ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் கோலா தெர்லா, ஆறுகளே வழிகாட்டியாக இருந்த காலத்தின் நினைவுச் சின்னம் எனலாம். ‘தானா ராத்தா’ என்றால் சமவெளி நிலம். மேடும் பள்ளமும் ஏறி இறங்கிக் களைத்த கால்களுக்கே அப்பெயரின் அருமை புரியும்.

சாலையும் தேயிலையும்

கேமரன் கண்ட நிலம் நாற்பது ஆண்டுகள் பெரிதும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்வையிட்ட பின்னரே இதனைக் கோடைவாசத் தலமாக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிச் சென்றதைத் தொடர்ந்து உதகமண்டலம் எழுந்ததும், இலங்கையில் நுவரெலியா வளர்ந்ததும் இவ்வகையிலேயே. சமவெளியின் வெப்பம் தாளாத ஆங்கிலேயர், தம் நாட்டுக் குளிரை இம்மலைகளில் தேடினர்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலைப் பணி 1928-இல் தொடங்கி மூன்றாண்டுகளில் நிறைவுற்றது. 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலைப் பயிரிடக் கற்றறிந்த ஏ. பி. மில்னின் துணையோடு போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் உருவாயிற்று.

தோட்டங்களை உருவாக்கத் துரைமாரின் முதல் மட்டும் போதுமா? காட்டை வெட்டி, செங்குத்தான சரிவுகளில் வரிசை பிடித்துக் கன்று நட்டவர்களுள் தமிழகத்துப் பாட்டாளிகளே பெரும்பாலோர். அக்காலத்தில் கங்காணிகள் வழியே ஆள் திரட்டப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் மலாயாவின் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். ‘ரஜூலா’ கப்பலின் பெயரை மலேசியத் தமிழர் எளிதில் மறவார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரை இப்பெயர்ச்சி நீடித்தது.

உலாவும் உழைப்பும்

தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் மாளிகைகள் எழுந்தன. விடுமுறைக்கு வந்தோர் கைத்தடி ஏந்திக் காட்டுவழியே உலாவினர். அத்தகைய நடைபாதைகள் பிற்காலத்தில் எண்களால் அறியப்படலாயின. பாரிட் அருவி, ராபின்சன் அருவி, ஜாசார் மலை, பெரெம்பான் மலை ஆகியவற்றுக்குச் செல்வோர் இன்றும் அவ்வெண்களைக் கொண்டே வழியறிகின்றனர்.

அதே வேளையில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் கூடை சுமந்து, பனியிலும் மழையிலும் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாது சரிவேறிய மக்களும் இருந்தனர். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளி, கூடை நிறைந்ததும் நிறுவைக்கு இறங்கி, மீண்டும் ஏறினர். நாள்தோறும் அவர்கள் ஏறியதும் மலையே. ஆயினும் அதனை எவரும் மலையேற்றம் என்று அழைக்கவில்லை. ஒருவருக்கு ஓய்வாக விளங்கிய குன்று மற்றொருவருக்குக் கூலியாக விளங்கிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் பிடிக்கும் பச்சை வரிசைகளுக்கு இடையே ஓடும் ஒற்றையடிப் பாதைகள், அப்பாட்டாளிகளின் காலடிகள் பதிந்து உருவானவை.

காடு கற்பிக்கும் பாடம்

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் மலாயாவின் காடுகள் அச்சத்திற்குரியவை ஆயின. அதன்பின் அமைதி திரும்பி, நடைபாதைகளுக்கு உயிர் வந்தது. 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் தானா ராத்தாவில் தங்கியிருந்த மாளிகையிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. காவல்துறையினரும் படையினரும் பூர்வகுடி வழிகாட்டிகளும் தேடியும் தடயம் கிட்டவில்லை. காடு அறியாதார் தனித்து நடத்தல் தகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. உச்சி வரை சாலை உண்டு. அதனினும் உயர்ந்த இராவ் மலை 2,110 மீட்டர். இவ்வுயரத்தில் மேகம் தவழ்வதால் மரங்கள் குட்டையாகி, பாசி போர்த்து நிற்கின்றன. பூச்சியுண்ணும் குடுவைச் செடிகளும் இங்கு வளர்கின்றன. பாசி மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுவதாலேயே ஓடைகள் வற்றாது ஓடுகின்றன. காட்டை அழித்தால் மண் கரைந்து ஆற்றை அடைக்கும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் நேர்ந்த உயிரிழப்பும், 2014 நவம்பரில் நிகழ்ந்த சேற்று வெள்ளமும் மறக்கத்தக்கன அல்ல.

இனி நடக்க வேண்டியோர்

இன்று தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். தமிழ்ப் பிள்ளைகள் பலர் கல்வியையும் வேலையையும் நாடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் ஒன்றை இழக்கும் நிலை நெருங்குகிறது. எந்த மேட்டில் பழைய லயம் இருந்தது, எந்த ஓடையில் தண்ணீர் சுமந்தனர், எந்தக் காட்டுக்கு மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பவை ஏட்டில் ஏறாதவை. முதியோர் நினைவில் மட்டுமே வாழ்பவை. அம்முதியோர் மறைந்தால் அவ்வரலாறும் அவர்களோடு மறையும்.

ஆகவே, பள்ளி விடுமுறையில் ஒரு நாளேனும் பிள்ளைகளை இம்மலையில் நடத்திச் செல்லுதல் நன்று. கோலா தெர்லாவில் காலையில் புறப்பட்டு, முதியவர் ஒருவர் முன்செல்லத் தேயிலைச் சரிவுகளைக் காணலாம். பின்னர் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டையும், மாலையில் சாம் போ சீனர் ஆலயத்தையும் காணலாம். செமாய் மக்களின் சிற்றூர்களுக்குச் செல்வதாயின், அவர்கள் இசைவு பெற்று விருந்தினராகச் செல்வதே பண்பு. மழை மிகுந்த ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்த்தலும், காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் விதிகளை முன்னரே கேட்டறிதலும் இன்றியமையாதன.

செல்லும் பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். முன்னோர் பிறந்த ஊர், வந்த கப்பல், முதலில் கொழுந்து கிள்ளிய சரிவு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். முன்னோர் கூலிக்கு ஏறிய மலையைப் பேரப்பிள்ளைகள் அறிவுக்காக ஏறுவது, அவ்வுழைப்புக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.