குருவில்லாத திருச்சபை: ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது, அப்பகுதியின் கத்தோலிக்கர் தம் கோவில்களையும் குருக்களையும் ஒருசேர இழந்தனர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவர்களுக்குப் பூசை வைக்கவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ, சாவுப் படுக்கையில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவோ நிலையான குரு எவரும் இல்லை. ஆயினும் 1687இல் ஒரு குரு மறைவாக வந்து சேர்ந்தபோது, அவரை வரவேற்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. அரசும் குருவும் இல்லாத நிலையில் ஒரு நம்பிக்கை எவ்வாறு தாக்குப்பிடித்தது என்பதற்கு இலங்கை வரலாறு தரும் சான்றுகளுள் இது முக்கியமானது.

பின்னணி

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமானது. அதன்பின் கிறித்தவம் ஆட்சியாளரின் ஆதரவோடு பரவியது. ஊர்தோறும் கோவில்கள் எழுந்தன; பெருந்தொகையானோர் திருமுழுக்குப் பெற்றனர். உள்ளத்தால் மனம் மாறியவர்களும் இருந்தனர். பதவிக்காகவும் அச்சத்தாலும் மாறியவர்களும் இருந்தனர். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் 1621இல் இடிக்கப்பட்டதும் இதே ஆட்சியில்தான். எனவே, போர்த்துக்கேயர் வெளியேறியதும் அவர்கள் கொண்டுவந்த சமயமும் மறைந்துவிடும் என்று ஒல்லாந்தர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

தடையும் தோம்பும்

ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருக்களைப் போர்த்துக்கேயரின் ஒற்றர்களாகவே அவர்கள் கருதினர். குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே ஆணை பிறந்தது. கத்தோலிக்கக் கோவில்கள் ஒல்லாந்தரின் சபைக் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன.

வாளைவிட வலுவாக வேலை செய்தது பதிவேடு. திருமுழுக்கும் திருமணமும் ஒல்லாந்தர் சபையில் நடந்து, பள்ளித் தோம்பில் பதியப்பட வேண்டும். அவ்வாறு பதியப்படாத திருமணம் சட்டப்படி செல்லாது. பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாகும். அரசுப் பதவிக்கும் சபை உறுப்புரிமை வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும். இந்த நெருக்கடி சைவருக்கும் பொதுவானதே. அவர்களும் வெளியே சபையில் பெயர் பதிந்துவிட்டு, வீட்டுக்குள் தம் வழிபாட்டைக் காத்துவந்தனர்.

வீட்டுக்குள் வாழ்ந்த வழிபாடு

பல கத்தோலிக்கக் குடும்பங்கள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தன. தோம்பில் பெயர் ஒல்லாந்தர் சபைக்குரியது, வீட்டில் செபமாலை. இதைக் கோழைத்தனம் என்று பிற்காலத்தில் சொல்வது எளிது. நிலத்தையும் பிள்ளைகளின் உரிமையையும் காக்க வேண்டியிருந்த ஓர் உழவருக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்க ஒழுங்குப்படி, அவசர வேளையில் குருவல்லாத ஒருவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். செபமாலைக்கும் குரு தேவையில்லை. மணிகளை உருட்டத் தெரிந்தால் போதும். பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய வழிபாடு அது. எழுத்தறியாதவரும் காத்து வைக்கக்கூடிய ஒன்றாக இருந்ததாலேயே அது எஞ்சியது.

இக்காலத்தோடு தொடர்புடைய மரபு ஒன்று மன்னார்ப் பகுதியில் வழங்குகிறது. ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் கோவிலின் மாதா திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுவழி சென்று, மருதமடுவில் குடியேறினர் என்பது அது. மடு மாதா திருத்தலத்தின் தொடக்கம் இதுவே எனக் கொள்ளப்படுகிறது.

யோசேப்பு வாஸ் அடிகளின் வருகை

கோவாவின் பெனாலிம் ஊரில் 1651இல் பிறந்தவர் யோசேப்பு வாஸ் அடிகள். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டு அங்கு செல்லத் துணிந்தார். ஐரோப்பியர் எளிதில் பிடிபடுவர். கொங்கணியரான அவரோ கூலியாள் வேடத்தில் கூட்டத்தோடு கலந்துவிட முடிந்தது. கப்பலேறுமுன் தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றார்.

யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பால் உயிர் போகும் நிலையில் இருந்தார். நலமடைந்த பின் கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டாராம். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. பகலில் ஒளிந்திருந்து, இரவில் ஊர் ஊராகச் சென்று பூசை வைத்தார்.

இதற்கான விலையைச் செலுத்தியவர்கள் மக்கள். 1689 அளவில், கிறிஸ்து பிறப்புப் பூசைக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். பலர் சிறைப்பட்டனர், சிறையில் உயிர்நீத்தோரும் உண்டு. அதன்பின் வாஸ் அடிகள் ஒல்லாந்தர் எல்லைக்கு அப்பால், கண்டி அரசின் கீழிருந்த புத்தளம் பகுதிக்குச் சென்றார்.

கண்டியில் அடைக்கலம்

1692இல் கண்டிக்குச் சென்ற அவர், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறை வைக்கப்பட்டார். காலப்போக்கில் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஐயம் நீங்கியது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடினர். வாஸ் அடிகளும் அவரது மருமகன் யோசேப்பு கர்வாலோ அடிகளும் அங்கேயே தங்கி, சமய வேறுபாடு பாராமல் நோயாளிகளுக்கு உணவூட்டினர்; இறந்தோரை அடக்கம் செய்தனர். கிறித்தவ அரசு ஒன்று துரத்திய கத்தோலிக்கருக்குப் பௌத்த மன்னரின் நாடு புகலிடமாயிற்று.

மூப்பரும் அண்ணாவியாரும்

வாஸ் அடிகளும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருக்களும் எண்ணிக்கையில் மிகச் சிலர். ஓர் ஊருக்கு மீண்டும் வர மாதங்கள் பல ஆகும். ஆகவே, தாம் இல்லாதபோதும் வழிபாடு நடக்கும்படி ஊர்தோறும் பொறுப்பாளர்களை அமர்த்தினர். மூப்பர் ஊர்ச் சபையின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் செபங்களை முன்நின்று சொன்னார். சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தார். குருவற்ற காலத்தில் மக்கள் தாமாகச் செய்துவந்தது இப்போது ஓர் ஒழுங்குமுறையாயிற்று.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் இந்த ஒழுங்குக்கு நூல்களைத் தந்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இன்றும் தவக்காலத்தில் இசையோடு வாசிக்கப்படுகிறது. அடிபட்டவர்கள், அடிபட்ட ஒருவரின் கதையைத் தம் சொந்த மொழியில் கூடியிருந்து கேட்டார்கள். துன்பத்தைத் தாங்க அது அவர்களுக்கு உதவியது.

தடை நீங்குதல்

வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். தடைகள் மேலும் பல்லாண்டுகள் நீடித்தன. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றது. ஆங்கிலேய ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகளை நீக்கினார். வாஸ் அடிகளுக்கு 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார்.

மதிப்பீடு

ஒல்லாந்தர் சபையில் பதிவு பெற்றோர் தொகை பெரிது. ஆனால் பதவியும் சட்டமும் தாங்கி நின்ற அந்தச் சபை, ஆட்சி மாறியதும் விரைவில் சுருங்கியது. போர்த்துக்கேயரிடமிருந்து பதவியை எதிர்பார்த்து வந்தோரும் முன்பு அவ்வாறே விலகியிருந்தனர். இரு தடவையும் எஞ்சியது வீட்டில் சொல்லப்பட்ட செபமும், ஊரில் ஒருவர் மற்றவர் மேல் வைத்த நம்பிக்கையுமே. காட்டிக்கொடுக்க ஒரே ஓர் அயலவர் போதுமாயிருந்த காலத்தில் அவர்கள் கூடிச் செபித்தார்கள். வாஸ் அடிகளின் துணிவு பெரிது. அவருக்குக் கதவு திறந்துவிட்ட, பெயர் பதியப்படாத சில்லாலை வீட்டாரின் துணிவும் அதற்குக் குறைந்ததன்று.