கண்ணாடிக்குள் ஒரு கார்க் கதவு

உங்கள் வலது கால் செருப்பை ஓர் அட்டைமீது வைத்து, சுற்றிலும் கோடு போட்டு வெட்டி எடுங்கள். அட்டையைப் புரட்டிப் போட்டால் அது இடது காலின் அளவாகிவிடும். இனிச் செருப்பையே புரட்டிப் பாருங்கள். வார் தரைப்பக்கம் போய்விடும்! எப்படித் திருப்பினாலும் வலது செருப்பு இடது செருப்பாவதில்லை. நீளம், அகலம், எடை யாவும் ஒன்றாயிருக்க, வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது?

இக்கேள்வியை 1768-ஆம் ஆண்டில் எழுப்பியவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட். 1794-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெழாந்தர் தமது வடிவகணித நூலில், இத்தகைய கன உருவ இணைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். 1827-இல் மோபியஸ் விளக்கம் தந்தார். தட்டையான அட்டையைப் புரட்ட மூன்றாவது பரிமாணம் உதவுகிறது. கன உருவத்தைப் புரட்டவோ நான்காவது பரிமாணம் வேண்டும்; அதற்கு நாம் எங்கே போவது?

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. திருவள்ளூர் ஆலையில் 1998-இல் மித்சுபிஷி லான்சர் கார்களின் உற்பத்தி தொடங்கியது. பெரும்பாலான கார்களில் இடப்பக்கக் கதவின் தகடு வலப்பக்கத் தகட்டின் கண்ணாடிப் பிம்பமாகும். ஒன்றின் அச்சில் மற்றதை அழுத்தி எடுக்க இயலாது. பட்டறை வரைபடங்களில் ஒரு பக்கத்து உறுப்பை மட்டும் வரைந்து, 'மறுபக்கம் எதிர்மாறாக' என்று ஒரு வரி எழுதிவிடும் வழக்கம் உண்டு. மீதியைத் தொழிலாளி மனத்திலேயே புரட்டிக்கொள்ள வேண்டும். தவறினால், கும்மிடிப்பூண்டிப் பட்டறையானாலும் ஜப்பானியப் பட்டறையானாலும், வெட்டிய எஃகு பழைய இரும்புக் கடைக்குத்தான்!

இச்சுமையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையில் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' முறையை உருவாக்கினார். 1970-களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெயிட் முதலியோர், முகங்கள், விளிம்புகள், முனைகள் ஆகியவற்றைக் கொண்டு கன உருவத்தையே கணிப்பொறியின் நினைவில் அமைத்தனர்.

இத்தகைய உருவத்தில் ஒவ்வொரு முனைக்கும் மூன்று எண்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் குறியை எல்லா முனைகளிலும் மாற்றினால் பிம்பம் கிடைக்கும். இரண்டின் குறிகளை மாற்றினாலோ உருவம் அரைச்சுற்றுத் திரும்பும், அவ்வளவே. ஆயினும் வேலை இத்துடன் முடியவில்லை. வெளியிலிருந்து நோக்கும்போது ஒவ்வொரு முகத்தின் விளிம்புகளும் இடஞ்சுழியாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன என்று கொள்வோம். பொருள் எப்பக்கம், வெற்றிடம் எப்பக்கம் என்பதைக் கணிப்பொறி அறிவது இவ்வரிசையால்தான். பிம்பத்தில் இது வலஞ்சுழியாகிவிடும். உள்ளே உள்ளது வெளியே என்று கணிப்பொறி மயங்கும். ஆகவே வரிசையையும் தலைகீழாக்க வேண்டும்.

கணிப்பொறிக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. எதைப் புரட்டக் கூடாது என்பதே அது. கதவைப் புரட்டும்போது அதிலுள்ள போல்ட்டையும் சேர்த்துப் புரட்டினால் வலமரை இடமரையாகிவிடும். கடையில் வாங்கிய நட்டு அதில் ஏறாது. ஸ்டியரிங்கை வலப்புறமிருந்து இடப்புறத்திற்கு மாற்றிய காரிலும் ஆக்சிலேட்டர் வலது காலுக்கே உரியது. இதனை வடிவமைப்பாளர்தாம் சொல்லித்தர வேண்டும்.

சைக்கிளின் இடது பெடலில் மட்டும் இடமரையே இருக்கும். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போகும்போது இரண்டு பெடல்களையும் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.