கறுப்பு மணலும் வெள்ளீயமும்

 

தனிமம் எது, சேர்மம் எது என்று கேட்டால் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட நம் பழைய மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். மேற்கொண்டு பிரிக்க முடியாத பொருள் தனிமம். தனிமங்கள் குறிப்பிட்ட அளவில் கூடி உண்டாவது சேர்மம். சரிதான். ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்து, "இது பிரியுமா, பிரியாதா?" என்று கேட்டால் என்ன செய்வது?

பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள் டூலாங் தட்டை வைத்துக்கொண்டு ஆற்று நீரில் அலசி எடுத்த கறுப்பு மணலை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். அதைக் கரியோடு சேர்த்து உலையில் காய்ச்சினால் வெள்ளீயம் உருகி ஓடிவரும். நம் வீட்டு ரசம் கொதிக்கிற ஈயச்சொம்பு அந்த ஈயம்தான். (வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

இந்த இரண்டில் எது தனிமம்? வகுப்பில் கேட்டேன். "மண்ணுதான் சார் தனிமம். அதுல கரி சேந்ததாலதானே ஈயம் வந்துச்சு?" என்றான் ஒரு பையன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய பெரிய ரசாயன அறிஞர்கள் பாடம் நடத்தியதே இப்படித்தான்!

ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஸ்டால் என்பவரின் கொள்கை அது. எரிகிற பொருள் எதிலும் 'ஃப்ளாஜிஸ்டன்' என்று ஒன்று இருக்கிறதாம். ஈயத்தைக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் அது வெளியேறி, வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். நம் சித்த வைத்தியர்கள் பஸ்பம் என்பார்களே, அந்த மாதிரி. கரியில் ஃப்ளாஜிஸ்டன் நிறைய உண்டு. ஆகவே சாம்பலைக் கரியோடு காய்ச்சினால் ஈயம் திரும்பி வருகிறது. அதாவது சாம்பல்தான் தனிப்பொருள், ஈயம் கூட்டுப்பொருள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்!

தராசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டால் பிறப்பதற்கு முன்பே, பிரான்ஸ் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் 2 ராத்தல் 6 அவுன்ஸ் ஈயத்தை ஆறு மணி நேரம் காய்ச்சினார். சாம்பலை நிறுத்தால் 2 ராத்தல் 13 அவுன்ஸ்! ஏதோ வெளியேறிப் போயிருந்தால் எடை குறைய வேண்டாமா? 7 அவுன்ஸ் எப்படிக் கூடியது? ழான் ரே என்ற மருத்துவர் 1630-ஆம் ஆண்டில் இதைப் புத்தகமாகவே எழுதி, காற்றுதான் வந்து சேர்ந்தது என்றார். அந்தப் பேச்சு எடுபடவில்லை.

1774-இல் பாரிஸ் நகரத்து லவாய்சியர் அதே ஈயத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, வாயை அடைத்து, நிறுத்து வைத்துக்கொண்டு காய்ச்சினார். சாம்பல் படர்ந்தது. குடுவையைத் திறக்காமலே மறுபடி நிறுத்தார். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு திறந்தார். 'உஸ்' என்று வெளிக்காற்று உள்ளே புகுந்தது. அப்போதுதான் எடை கூடியது. உள்ளே இருந்த காற்றில் ஒரு பங்கை ஈயம் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் வெளிக்காற்று ஓடிவந்தது. அந்தப் பங்குதான் பிராணவாயு என்பது, அதே ஆண்டில் இங்கிலாந்துக்காரரான பிரீஸ்ட்லி பாதரசச் சாம்பலிலிருந்து ஒரு வாயுவைப் பிரித்தெடுத்த பிறகே தெளிவாயிற்று.

ஆக, கணக்கு தலைகீழானது. ஈயம் தனிமம், சாம்பல் சேர்மம். கிந்தா மணலும் அதே சேர்மம்தான். சுத்தமான தாதுவில் நூறு பங்கு எடை என்றால் ஏறக்குறைய 79 பங்கு ஈயம், 21 பங்கு பிராணவாயு. எந்த ஊரில் எடுத்தாலும் இதே அளவு. உலையில் கரி போடுவது பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளத்தான். ஈயத்தில் சேருவதற்கு அல்ல. வெண்கலம் வேறு கதை. செம்பும் ஈயமும் அவரவர் விருப்பப்படி அளவு மாற்றிக் கலக்கலாம். அது கலவை, சேர்மம் அல்ல.

1789-இல் லவாய்சியர் 33 தனிப்பொருள்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டார். எந்த வழியிலும் இதுவரை பிரிக்க முடியாததே தனிமம், நாளைக்குப் பிரிந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்பது அவர் வைத்த விதி. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த 'இதுவரை'தான். ஈயம் அதில் இருந்தது. இன்றைய 118 தனிமங்களிலும் இருக்கிறது. அவர் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது! நாம் வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்குத் தடவவும் நீற்றுகிறோமே, அந்தச் சுட்ட சுண்ணாம்புதான். இதுவும் ஒரு நாள் பிரிந்துவிடும் என்ற சந்தேகத்தை அவரே அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

1808-இல் லண்டனில் டேவி என்ற இளைஞர் சுண்ணாம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சி, கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்துக் காட்டினார். அதைப் பார்க்க லவாய்சியர் இல்லை. வரி வசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்தவர் என்பதால், பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1794 மே 8-ஆம் நாள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.